அத்தியாயம் 7: பால் ஸ்க்ரூவின் முனைகளைக் கடைதலும் பேரிங் ஏற்றுதலும்

வீட்டில் சிஎன்சி ரவுட்டரோ சிறிய மில்லிங் இயந்திரமோ கட்டுகிறவர்கள் பால் ஸ்க்ரூ வாங்கும்போது அதன் நடுத்தண்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். சி7 தரமா, சி5 தரமா, எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்பார்கள். முனைகளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. சி7 திருகில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை இருக்கலாம். சி5 திருகில் அது 0.023 அளவுக்குக் குறையும். ஆனால் அந்தப் பிழை நிலையானது. ஒருமுறை அளந்து கட்டுப்பாட்டு மென்பொருளில் எழுதிவிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். முனை கோணலாகக் கடையப்பட்டிருந்தாலோ, பேரிங்கில் ப்ளே இருந்தாலோ கதை வேறு. திருகு சுற்றும் ஒவ்வொரு முறையும் மேசை பக்கவாட்டில் நெளியும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் கட்டர் பிந்தித்தான் நகரும். வெட்டும் விசை கூடக் கூட இந்தத் தவறும் மாறிக்கொண்டே இருப்பதால் மென்பொருளால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே, நேராகக் கடைந்த முனையுள்ள சி7 திருகு, கோணல் முனையுள்ள சி5 திருகைவிட நல்ல வேலை தரும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவதெல்லாம் அதற்கான வழிதான்.

கடையத்தான் வேண்டுமா?

உங்கள் இயந்திரத்தின் நீளத்துக்குச் சரியாக, பிகே12, பிஎஃப்12 தாங்கிகளுக்கு ஏற்ற முனைகளோடு 1605 திருகு கிடைத்தால் அதையே வாங்குங்கள். விற்பவர்களே முனை கடைந்து அனுப்புகிறார்கள். நீளம் ஒத்துவராதபோது, கழித்துப்போட்ட தொழிற்சாலை இயந்திரத்திலிருந்து நல்ல திருகு ஒன்று கைக்கு வரும்போது, அல்லது பழைய லேத்துக்கோ மில்லிங் இயந்திரத்துக்கோ ஏற்கெனவே இருக்கும் பேரிங் துளைக்கேற்பத் திருகு பொருத்தும்போது மட்டும் நீங்களே கடைய நேரும். பழைய இரும்புக் கடையில் கிரைண்டிங் செய்த ஜப்பானியத் திருகு கண்ணில் பட்டால் விடாதீர்கள். நட்டைக் கையால் இரு முனைக்கும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்திலும் இடறாமல், உராய்வு ஏறி இறங்காமல் ஓடினால் வாங்கலாம்.

ஜோகூரின் தம்போயில் குடியிருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தொழிற்பேட்டை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லேத் இல்லாதவர்களும், லேத்தின் ஸ்பிண்டில் துளைக்குள் திருகு நுழையாதவர்களும் முனைக் கடைசலை ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு பேரிங் ஏற்றும் வேலையை மட்டும் வீட்டில் செய்யலாம். அப்படிக் கொடுக்கும்போது தவுக்கேயிடம் (பட்டறை முதலாளியிடம்) வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அளவும் விலக்கமும் எழுதிய வரைபடம், ஏற்றப்போகும் பேரிங், லாக் நட் மூன்றையும் கையோடு கொடுங்கள். கடைபவர் பேரிங்கையே அளவுகோலாக வைத்துப் பார்த்துக்கொள்வார். திருகில் ஓடும் பால் நட்டை மட்டும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பட்டறைத் தூசு நட்டுக்குள் போனால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

கழற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நட்டை முனையிலிருந்து அப்படியே உருவினால் உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டிவிடும். மரையின் அடி விட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த வெளிவிட்டமுள்ள ஒரு குழாயைத் திருகின் முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன்மேல் ஓட்டிச் சேர்த்து, இரு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு வையுங்கள். புதுத் திருகோடு பல நேரம் இதற்கென ஒரு பிளாஸ்டிக் குழாயே வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள்.

எந்த அளவுக்குக் கடைவது

1605 என்பதில் 16 வெளிவிட்டம், 05 ஒரு சுற்றுக்கு நகரும் 5 மி.மீ. இதில் ஓடும் குண்டின் விட்டம் 3.175 மி.மீ. பள்ளத்தின் அடியில் தண்டின் விட்டம் 13 மி.மீ.க்குச் சற்று மேலே நிற்கும். பேரிங் சீட் இந்த அடி விட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தின் தடமே இல்லாத முழு உருளை கிடைக்கும். 16 மி.மீ. திருகுக்கு 12 மி.மீ. சீட் என்று வழக்கம் அமைந்தது இதனால்தான். 15 மி.மீ. பேரிங் கையில் இருக்கிறதே என்று அதற்குக் கடைந்தால், சீட்டைச் சுற்றிப் பள்ளம் பாம்புபோல ஓடும், பேரிங்கின் உள்வளையம் பாதி இடத்தில் காற்றில் நிற்கும். 20 மி.மீ. திருகுக்கு 15 மி.மீ. சீட் பொருந்தும்.

பிகே12 வகைத் தாங்கிக்குக் கடையும் இறுக்கமான முனையில் மூன்று பகுதிகள்: 12 மி.மீ. பேரிங் சீட், அதை அடுத்து லாக் நட்டுக்கான எம்12×1 மரை, கடைசியில் கப்ளிங்குக்கு 10 மி.மீ. விட்டத்தில் 15 மி.மீ. நீளம். மறுமுனையில் பிஎஃப்12. அங்கே 10 மி.மீ. சீட், ஒரு சர்க்ளிப் பள்ளம், அவ்வளவுதான். பள்ளத்தின் அடி விட்டம் 9.6, அகலம் 1.15. நீள அளவுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும் என்பதால், வாங்கிய தாங்கியைப் பிரித்து அளந்த பிறகே வரைபடம் போடுங்கள்.

ஸ்டெப் முகத்தையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். 16 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ.க்கு இறங்கும் இடத்தில் முகம் 2 மி.மீ. உயரம் இருக்கும். ஆனால் பள்ளம் வந்து முடியும் பக்கத்தில் அது அரை மி.மீ. சொச்சமாகக் குறைந்துவிடும். பேரிங்கை நேரடியாக அதன்மேல் இறுக்கினால் அழுத்தம் ஒரு பக்கமாகப் போகும். நடுவில் இரு முகமும் இணையாகக் கடைந்த ஒரு காலர் கட்டாயம் வேண்டும். பிகே தாங்கிகளோடு காலர்கள் வருவது இதற்காகவே.

கடினத் தோல்

பால் ஸ்க்ரூவின் மேற்பரப்பு இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கப்பட்டது. 58 முதல் 62 எச்ஆர்சி வரை இருக்கும். அரத்தை வைத்து இழுத்தால் அரம் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல வழுக்கும். உள்ளே போகப்போகக் கடினம் குறையும். ஆனால் 16 மி.மீ. போன்ற சிறு திருகில் நடுப்பகுதி முழுக்க மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதோடு பள்ளத்தின் இடைவெளியும் சேர்கிறது. டூல் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி, விட்டு, மறுபடி மோதி வெட்டுகிறது. சாதாரண எச்எஸ்எஸ் டூல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

தோலை நீக்க வழக்கத்தில் இருக்கும் வழிகள் மூன்று. வாயுச் சுடரால் முனையைச் செந்நிறமாகக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவது ஒன்று. வேலை எளிதாகும், ஆனால் சூடு எதுவரை போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. குண்டுகள் ஓடும் பகுதி நீலம் பாரித்தால் அந்தத் திருகின் ஆயுள் அங்கேயே குறைந்துவிட்டது. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. லேத்தில் திருகைச் சுற்றவிட்டு ஆங்கிள் கிரைண்டரால் தோலை உரசி எடுப்பது இன்னொன்று. பலரும் செய்கிறார்கள். ஆனால் உரசிய தூள் லேத்தின் படுக்கையில் விழுந்தால் அதுவே பிறகு அரைத்துக்கொண்டிருக்கும். படுக்கையைத் தடித்த அட்டையால் முழுக்க மூடிய பிறகே தொடங்க வேண்டும். துணியைச் சுற்றும் சக்கின் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. தம்போய்க் குடியிருப்புகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. விடியுமுன் காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவருக்குப் பட்டறை நேரம் இரவுதான். வரிசை வீட்டில் சுவர் அண்டை வீட்டுக்கும் பொது. இரவு பத்து மணிக்கு கிரைண்டர் சத்தம் யாருக்கும் நியாயமில்லை.

மூன்றாவது வழி சிபிஎன் இன்செர்ட். வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள போரான் நைட்ரைடு. விலை அதிகம்தான், ஆனால் ஒரு திருகின் இரு முனைக்கும் ஒரு முனைக்கூரே போதும். எண்ணெய், தண்ணீர் எதுவும் ஊற்றாமல் உலர்வாக வெட்டுங்கள். இடைவிட்ட வெட்டுக்கென்று விற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சிபிஎன் கிடைக்காவிட்டால் எதிர்மறைச் சாய்வுள்ள தடித்த கார்பைடு இன்செர்ட், நிமிடத்துக்கு 50 மீட்டர் வேகம். 16 மி.மீ. தண்டுக்கு இது ஏறத்தாழ 1,000 சுற்று. தோலை நீக்கும்போது வெட்டின் ஆழம் 0.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 0.05 என்று பயந்து பயந்து உரசினால் டூலின் முனைதான் மழுங்கும், தோல் அப்படியே நிற்கும். முதலில் முனையின் விளிம்பை 45 டிகிரியில் சாய்த்து வெட்டிவிட்டால் டூல் கடினத் தோலின் கூர்விளிம்பில் நேராக மோதாது.

நீளத்துக்கு வெட்டும்போது 1 மி.மீ. மெல்லிய கட்டிங் டிஸ்க் போதும். சூடேறாமல் விட்டு விட்டு வெட்டுங்கள், 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மரைப் பகுதி முழுவதையும் டேப் சுற்றி மூடுங்கள்.

பிடித்து மையம் பார்த்தல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை நிதானமாகப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். முனை நேராக அமைவதும் கோணலாவதும் டூல் தொடுவதற்கு முன்பே, சக்கில் பிடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மூன்று தாடைச் சக்கில் திருகை நேரடியாகப் பிடித்தால் தாடைகள் மரையின் குறுகிய முகடுகளில்தான் கடிக்கும். ஒரு தாடை முகட்டிலும் இன்னொன்று பள்ளத்தின் ஓரத்திலும் உட்காரும். பிடி சாய்ந்துவிடும். இதற்கு ஒரு பிளவு புஷ் செய்யுங்கள். அலுமினியமோ பித்தளையோ, 40 மி.மீ. நீளம், திருகின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் போர் செய்த துளை, ஒரு பக்கம் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பிளவு. இதை நான்கு தாடைச் சக்கில் பிடித்தால் பல முகடுகளில் சமமாக இறுகும்.

அடுத்தது எதை வைத்து மையம் பார்ப்பது என்ற கேள்வி. பெரும்பாலானோர் டயல் கேஜின் முனையைத் திருகின் வெளிவிட்டத்தில் வைப்பார்கள். உருட்டிச் செய்த திருகில் அது சரியான ஆதாரம் அல்ல. உருட்டும்போது பள்ளம்தான் துல்லியமாக உருவாகிறது, முகடு அதன் மிச்சம். இரண்டின் மையமும் ஒன்றாக இருக்கும் என்று உறுதியில்லை. மேசையை நகர்த்துவது பள்ளத்தில் ஓடும் குண்டுகள். ஆகவே பள்ளத்தின் மையமே நமக்கு வேண்டிய மையம். நட்டைத் திருகில் ஏற்றி சக்கின் அருகே கொண்டுவந்து, நட்டின் கிரைண்டிங் செய்த வெளி உடலில் டயலை வைத்து, சக்கைக் கையால் சுற்றுங்கள். நட்டும் கூடவே சுற்றும். நான்கு தாடைகளையும் சரிசெய்து டயல் காட்டும் ஆட்டத்தை (அவுட்டை) 0.01 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். நட்டுக்கும் திருகுக்கும் இடையே ப்ளே இருந்தால் அளவு ஏமாற்றும் என்பதால் நட்டை ஒரு பக்கமாக விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே பாருங்கள். மையம் வந்த பிறகு நட்டை மறுபடி குழாய்க்கு மாற்றிவிடுங்கள். அது திருகில் இருக்கும்போது கடையக் கூடாது.

ஓரிடத்தில் மையம் வந்தால் போதாது. தண்டு சாய்ந்திருந்தால் சக்கின் அருகே அவுட் இல்லாமல் இருந்து, 100 மி.மீ. தள்ளி 0.1 காட்டும். அந்தச் சாய்வைச் சரிசெய்ய ஸ்பிண்டிலின் பின்பக்கத்திலும் தண்டைத் தாங்க வேண்டும். பின்துளையில் நான்கு போல்ட்டுள்ள ஒரு வளையம் செய்து, போல்ட் நுனிகளுக்குப் பித்தளை வைத்து, அவற்றை முன்னும் பின்னும் திருகிச் சாய்வை எடுங்கள். முன்னே தாடைகளைத் தொட்டால் பின்னே மாறும், பின்னே தொட்டால் முன்னே மாறும். பொறுமையாக இரண்டையும் மாறி மாறித் தொட்டால் சீக்கிரமே அமைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பிண்டிலுக்குப் பின்னால் தாங்கலின்றி நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு வேகம் கூடியதும் நொடியில் வளைந்து சாட்டைபோல அடிக்கும். கையையோ தலையையோ முறித்துவிடும். பின்னால் நீளும் பகுதியை ஒரு குழாய்க்குள் விட்டு, அந்தக் குழாயைத் தரையோடு நிலையாகத் தாங்குங்கள். தாங்க வழியில்லாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், வேறு யோசனை வேண்டாம். குழந்தைகள் நடமாடும் போர்ச்சில் இந்த வேலை செய்யும்போது பின்பக்கத்தை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சக்குக்கு வெளியே முனை 60 மி.மீ. அளவுக்கு நீண்டிருப்பதால் சென்டர் துளை போட்டு டெயில் ஸ்டாக் கொடுப்பது நல்லது. கார்பைடு சென்டர் ட்ரில் பயன்படுத்துங்கள். இந்தத் துளையை வேலை முடிந்த பிறகும் விட்டுவையுங்கள். பிற்பாடு சோதனைக்கு அதுதான் உதவும்.

சீட், ஸ்டெப், மரை

சீட், ஸ்டெப் முகம், மரை, கப்ளிங் பகுதி நான்கையும் ஒரே பிடியில் முடியுங்கள். இடையில் சக்கைத் தளர்த்தினால் அதுவரை பார்த்த மையம் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் 0.3 மி.மீ. கூடுதலாக வைத்துக் கடைந்துவிட்டுத் தண்டை நன்றாக ஆறவிடுங்கள்.

ஆறவிடுவது முக்கியம். 12 மி.மீ. தண்டு அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் 0.006 மி.மீ. பருத்திருக்கும். சூட்டோடு சரியான அளவு பார்த்து நிறுத்தினால், ஆறிய பிறகு பேரிங் தளர்ந்து ஆடும். தம்போயின் பிற்பகல் வெக்கை 32, 33 டிகிரி என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தண்டு, பேரிங், மைக்ரோமீட்டர் மூன்றும் எஃகு, மூன்றும் ஒரே இடத்தில் ஒரே வெப்பத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் சேர்ந்தே விரிந்திருக்கும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவந்த மைக்ரோமீட்டரால் வெளியே கொட்டகையில் இருக்கும் தண்டை உடனே அளப்பதுதான் தவறு.

சீட்டின் விலக்கம் எச்6 வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. சீட்டுக்கு 12.000 முதல் 11.989 வரை, 10 மி.மீ. சீட்டுக்கு 10.000 முதல் 9.991 வரை. சாதாரணத் தர பேரிங்கின் 12 மி.மீ. துளையும் 0.008 வரை சிறியதாக இருக்கலாம் என்பதால், எச்6இன் மேல்பாதியில் நிறுத்தினால் விரலால் அழுத்தி ஏற்றும் பொருத்தம் கிடைக்கும். வீட்டு லேத்தில் இந்த அளவைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. கடைசி மூன்று வெட்டுகளையும் ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் எடுங்கள். கடின எஃகில் டூல் பின்வாங்கும். ஆழம் சமமாக இருந்தால் பின்வாங்கலும் சமமாக இருக்கும். முதல் இரண்டு வெட்டுகளில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் மூன்றாவதில் எங்கே நிற்கும் என்று கணித்துவிடலாம். 0.01 மிச்சம் வைத்து, 400 எண் எமரித்தாளைத் தட்டையான குச்சியில் ஒட்டி எண்ணெயோடு தேய்த்து முடியுங்கள். எமரியை விரலில் சுற்றித் தண்டைப் பிடிக்காதீர்கள், அது விரலையே இழுத்துக்கொள்ளும். சீட்டின் இரு ஓரத்திலும் அளந்து, ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு தப்பி 0.02 மி.மீ. சிறுத்துவிட்டால் சென்டர் பஞ்சால் புள்ளி குத்திப் பருமனாக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. பால் ஸ்க்ரூவில் அது கூடவே கூடாது. புள்ளிகளின் நுனியில் பேரிங் கோணலாக உட்காரும். லாக்டைட் 641 போன்ற பேரிங் பசை அந்த இடைவெளியை நிரப்பும். பின்னாளில் பேரிங்கைக் கழற்றவும் விடும்.

சீட்டும் ஸ்டெப் முகமும் சேரும் உள்மூலையைக் கவனியுங்கள். 7001 பேரிங்கின் மூலை வளைவு குறைந்தபட்சம் 0.3 மி.மீ. உங்கள் இன்செர்ட்டின் நுனி ஆரம் 0.4 ஆனால் தண்டின் மூலையில் 0.4 வளைவு நிற்கும். பேரிங்கோ காலரோ அந்த வளைவின்மேல் ஏறி நின்றுவிடும், முகத்தைத் தொடாது. இறுக்கும்போது இறுகியதுபோல இருந்து, ஓட ஓடத் தளரும். 0.2 நுனியுள்ள இன்செர்ட்டால் மூலையை முடியுங்கள், அல்லது மூலையில் ஒரு சிறு பள்ளம் வெட்டிவிடுங்கள்.

மரையை டை வைத்துப் போட வேண்டாம். டை சற்றுச் சாய்ந்து ஏறினாலும் லாக் நட்டின் முகம் பேரிங்கை ஒரு பக்கமாக அழுத்தி, தண்டையே வளைத்துவிடும். லேத்திலேயே 60 டிகிரி கார்பைடு டூலால் 1 மி.மீ. பிட்சில் வெட்டுங்கள். மரைப் பகுதியை முதலில் 11.9க்குக் குறைத்துக்கொண்டால் பேரிங் மரைமேல் கீறிக்கொண்டு போகாது. மரையின் ஆழம் 0.61. சீட் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். பேரிங்குகளும் காலர்களும் ஏறிய பிறகு கடைசி முகம் சீட்டின் முடிவைத் தாண்டி அரை மி.மீ.யாவது வெளியே நிற்க வேண்டும். சீட் நீண்டுவிட்டால் நட் தண்டில் முட்டி நிற்கும், பேரிங் இறுகாது.

எந்த பேரிங், எந்தப் பக்கம்

இறுக்கமான முனையில் திருகின் முழுத் தள்ளுவிசையும் விழுகிறது. அங்கே சாதாரண 6001 பேரிங் உதவாது, அதற்கு அச்சுவாக்கில் இயல்பாகவே ப்ளே உண்டு. வேண்டியது 7001 என்ற சாய்தொடு பேரிங், இரண்டு. 6001, 7001 இரண்டுக்கும் வெளி அளவுகள் ஒன்றே: 12×28×8. ஒன்றின் இடத்தில் மற்றது அப்படியே உட்கார்ந்துவிடும். ஆகவே மலிவாக வாங்கிய பிகே12 தாங்கியை மூடியைத் திறந்து, பேரிங்கில் பொறித்த எண்ணைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சாய்தொடு பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு பக்க விளிம்பு தடித்தும் மறுபக்க விளிம்பு மெலிந்தும் இருக்கும். தடித்த பக்கமே முதுகு. முதுகோடு முதுகு சேர்த்து வைத்தால் இரண்டும் தாங்கும் கோடுகள் தண்டின்மேல் அகன்று விழும், தண்டு சாயாமல் உறுதியாக நிற்கும். உள்வளையங்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். லாக் நட்டை இறுக்கும்போது அந்த இடைவெளி மூடி, குண்டுகள்மேல் முன்னழுத்தம் ஏறும். முகத்தோடு முகம் வைத்தால் வெளிவளையங்களை மூடியால் அழுத்தி முன்னழுத்தம் கொடுக்க வேண்டும். தண்டும் தாங்கியும் சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்த அமைப்பு பொறுத்துக்கொள்ளும். நீங்களே தாங்கி செய்வதானால் முதுகோடு முதுகு வையுங்கள். இரண்டையும் ஒரே திசையில் அடுக்குவது மட்டும் கூடாது. ஒரு பக்கத் தள்ளலைத் தாங்கி, மறுபக்கம் விட்டுக்கொடுத்துவிடும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை என்றால் 3201 என்ற இரட்டை வரிசை பேரிங் இன்னும் எளிது. 12×32×15.9 அளவில் ஒரே உடலில் இரு வரிசை. சேர்த்து அடுக்கும் கவலையே இல்லை. சற்று ப்ளே உண்டு என்பதால் உயர் துல்லியத்துக்கு வேண்டாம். மரம் வெட்டும் ரவுட்டருக்குத் தாராளமாகப் போதும்.

மறுமுனைக்கு 6000 பேரிங், 10×26×8. இது தண்டில் சர்க்ளிப்பால் நிற்க வேண்டும், தாங்கியின் துளையில் வழுக்கி நகர வேண்டும். ஒரு மீட்டர் திருகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.12 மி.மீ. நீளும். பிற்பகல் வெயில் படும் போர்ச்சில், வேகமாக ஓடும் நட்டின் உராய்வும் சேர்ந்தால் 10 டிகிரி பெரிய விஷயமில்லை. இரு முனையையும் இறுக்கிவிட்டால் நீள இடமில்லாமல் திருகு வில்லாக வளையும்.

ஏற்றுதல்

ஜோகூரின் ஈரக்காற்று பேரிங்குக்குப் பகை. வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் அடுத்த நாளே துரு தெரியும். புது பேரிங்கை ஏற்றும் நேரத்தில்தான் உறையிலிருந்து பிரியுங்கள், கையுறை போடுங்கள். கடைந்த முனைக்கு எண்ணெய் பூசாமல் ஓர் இரவுகூட விடாதீர்கள். தண்டைக் குளிர்பெட்டியில் வைத்துச் சுருக்கி ஏற்றலாம் என்று சில நூல்கள் சொல்லும். இந்த ஊரில் வெளியே எடுத்த மறுநிமிடமே அதன்மேல் தண்ணீர் கோத்துவிடும், அந்த ஈரத்தோடு பேரிங் ஏறும். அதற்குப் பதில் பேரிங்கைச் சூடாக்குங்கள். 60 டிகிரி ஏற்றினாலே 12 மி.மீ. துளை 0.008க்கு மேல் விரியும். 90 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சுடரை நேராகக் காட்டக் கூடாது. வெப்பமானி உள்ள சிறு மின்அடுப்பு போதும்.

தட்டித்தான் ஏற்ற வேண்டும் என்றால் உள்வளையத்தில் மட்டும் அமரும் குழாயை வைத்து அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டிய ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகப் போய்ப் பள்ளத்தில் பள்ளம் போடும். ஏறிய பேரிங்கின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு லித்தியம் கிரீஸ் போதும். முழுக்க அடைத்தால் சூடேறும்.

தாங்கியின் மூடி வெளிவளையத்தை அழுத்த வேண்டும், உடலை அல்ல. போல்ட் இறுக்குமுன் மூடிக்கும் உடலுக்கும் இடையே 0.05 மி.மீ. அளவு இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெளிவளையம் உள்ளே தளர்ந்து கிடக்கிறது என்று பொருள். மெல்லிய ஷிம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

லாக் நட்டை ஒரேயடியாக இறுக்காதீர்கள். தோட்டத் தொழிற்சாலைகளில் ஃபிட்டராக இருந்த மூத்தவர்கள் லாரிச் சக்கரத்தின் பேரிங்கை இறுக்கும்போது கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து இறுக்குவார்கள். அதே முறைதான் இங்கும். கொஞ்சம் இறுக்கி, தண்டைச் சுற்றிப் பார்த்து, ப்ளே மறைந்ததும் இன்னும் ஒரு சிறு அளவு. சுற்றும்போது மிருதுவான இழுவை இருக்கலாம், மணல் அரைப்பதுபோன்ற நெருடல் இருக்கக் கூடாது. நட்டின் செட் ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு துண்டுப் பித்தளை போட்டு இறுக்குங்கள், மரை நசுங்காது. பிறகு கப்ளிங் பகுதியில் டயல் வைத்துப் பாருங்கள். நட் இறுகுமுன் இருந்த அவுட்டைவிட இறுகிய பின் கூடியிருந்தால் நட்டின் முகமோ காலரோ கோணல். காலரை அரை சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். அவுட்டின் இடம் மாறினால் குற்றம் காலரில், மாறாவிட்டால் நட்டில் அல்லது ஸ்டெப் முகத்தில்.

இயந்திரத்தில் பொருத்தும்போது மேசையை இறுக்கமான முனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அந்தத் தாங்கியை இறுக்குங்கள். பிறகு மேசையைக் கடைசிவரை ஓட்டி, மறுமுனைத் தாங்கியை அது தானாக நிற்கும் இடத்தில் இறுக்குங்கள். இழுத்தோ தள்ளியோ போல்ட் துளைக்குச் சேர்க்காதீர்கள். உயரம் குறைந்தால் ஷிம் போடுங்கள்.

சோதனைக்குச் சென்டர் துளையில் கிரீஸ் தடவி ஒரு எஃகுக் குண்டை ஒட்டவைத்து, தட்டை முனையுள்ள டயலை அதன்மேல் நேராக வையுங்கள். திருகை மெல்லச் சுற்றும்போது டயல் காட்டுவது பேரிங்கின் அச்சு அசைவு மட்டுமே. மோட்டார் திருகைப் பிடித்திருக்க, மேசையைக் கையால் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். டயல் முள் 0.005 மி.மீ.க்குள் நின்றால் வேலை நன்றாக முடிந்தது. 0.02ஐத் தாண்டினால் நட்டை இன்னும் இறுக்கித் தீர்க்கப் பார்க்காமல், பேரிங்கின் திசை, மூடியின் இடைவெளி, சீட்டின் நீளம் என்ற வரிசையில் பிரித்துப் பாருங்கள். பிறகு வேகமாக இருபது நிமிடம் ஓட்டித் தாங்கியைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் முன்னழுத்தம் கூடிவிட்டது, நட்டைத் தளர்த்துங்கள்.

முடிந்ததும் பேரிங் எண்கள், சீட்டின் உண்மையான அளவுகள், காலரின் தடிமன், கடைசியாகப் பார்த்த அச்சு அசைவு எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். பேரிங் மாற்றும் நாளில் நீங்களோ உங்களுக்குப் பின் அதை வாங்கியவரோ திருகைக் கழற்றாமலே சரியான பேரிங்கைக் கடையில் கேட்டு வாங்க அது உதவும்.